பத்து மணிக்கு நாகஸ்வரம்

வானொலியில் பாடுவதற்காக நான் இரண்டு முறை குரல் தேர்வுக்குப் போனேன். இரண்டு முறையும் தேறவில்லை. முதல் முறை சுருதி சேரவில்லை என்று நேரிலேயே சொன்னார்கள். இரண்டாம் முறை தபாலில் ஒரு தாள் வந்தது. அதில் 'தேர்ச்சி பெறவில்லை' என்ற வரிக்கு எதிரே டிக் போட்டிருந்தது. மூன்றாவது வருடம் அதே நிலையத்தில் தற்காலிக அறிவிப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். விடாமல் அதற்கும் போனேன். எடுத்துக்கொண்டார்கள். இவள் பாட வேண்டாம், பாடுகிறவர்களைப் பற்றிப் பேசட்டும் என்று முடிவு செய்திருப்பார்கள் போல.

இது தொண்ணூறுகளின் நடுவில். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பாட்டு டீச்சர். பகலில் அறுபது பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் சரளி வரிசை சொல்லிக் கொடுப்பேன். பரீட்சை நெருங்கினால் என் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். வாரத்தில் நான்கு இரவுகள் செம்பட்டி ரோட்டில் ஊருக்கு வெளியே இருந்த எங்கள் சின்ன நிலையத்துக்குப் போவேன். பத்து மணியிலிருந்து பதினொரு மணி வரை கர்நாடக இசை. நிரந்தர அறிவிப்பாளர்கள் யாரும் அந்த நேரத்தைத் தொடமாட்டார்கள். கடைசி பஸ் போய்விடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சொல்லாத காரணம், அந்த நிகழ்ச்சியை யாரும் கேட்பதில்லை என்பது.

எனக்குப் பஸ் பிரச்சினை இல்லை. என் கணவர் நூற்பாலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. என்னை மொபெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வராந்தா பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். பதினொன்றேகாலுக்கு நான் தட்டி எழுப்ப வேண்டும். ஐந்து வருடம் அந்தப் பெஞ்சில் தூங்கியிருக்கிறார். அவர் தலைக்கு நேர் மேலே ஒரு ஒலிபெருக்கி இருந்தது. உலகத்திலேயே என் நிகழ்ச்சிக்கு மிக அருகில் இருந்த மனிதர் அவர்தான். ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

இரவு நிகழ்ச்சிக்கென்று எனக்குச் சில கொள்கைகள் இருந்தன. குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். பேச்சு குறைவாக இருக்க வேண்டும். முதலில் சில விநாடிகள் தம்புரா மட்டும். அப்புறம் வீணையோ, விஸ்தாரமான ஓர் ஆலாபனையோ. தொட்டிலில் பிள்ளை தூங்கும் வீட்டில் பேசுகிற மாதிரி பேசிப் பழகினேன். இந்தக் கொள்கைகளை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கமாகச் சொல்லியிருப்பேன்.

எங்கள் நிலையத்தில் ஒரு நிகழ்ச்சியின் மதிப்பு அதற்கு வரும் கடிதங்களில் இருந்தது. நேயர் விருப்பமாகச் சினிமாப் பாட்டுப் போடும் நிகழ்ச்சிக்குச் சாக்கில் வரும். பியூன் அதைத் தரையில் இழுத்துக்கொண்டு போவார். எனக்கு ஐந்து வருடத்தில் மூன்று கடிதங்கள் வந்தன. முதல் கடிதத்தில், ஓய்வுபெற்ற ஒருவர், நான் ஆதி தாளம் என்று அறிவித்தது உண்மையில் ரூபக தாளம் என்று எழுதியிருந்தார். இரண்டாவது கடிதமும் அவருடையதுதான். தவறை நான் ஒப்புக்கொள்ளாததைத் தாம் கவனித்ததாகத் தெரிவித்திருந்தார். மூன்றாவது, அவருடைய மகனிடமிருந்து. அப்பா தவறிவிட்டார், தகவலுக்காக.

அதன் பிறகு என்னை யாரும் திருத்தவில்லை.

இப்படி நடந்துகொண்டிருந்தபோது நிலையத்துக்குப் புதிய இயக்குநர் வந்தார். சுறுசுறுப்பானவர். வந்த வாரமே எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். மூன்று மாதம் கடிதங்களை எண்ணப்போவதாகவும், கடிதம் வராத நிகழ்ச்சிகளின் நேரத்தைச் சினிமாப் பாட்டுக்குக் கொடுக்கப்போவதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தார்.

"சார், ராத்திரியில கேக்குறவங்க கடுதாசி எழுத மாட்டாங்க" என்றேன்.

"ஏன், காலையில எழுதலாமே?" என்றார்.



எனக்கு அந்த நிகழ்ச்சி வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் என்பது காலை வணக்கப் பாட்டும் ஆண்டுவிழா வரவேற்புப் பாட்டும்தான். வீட்டில் நான் முணுமுணுத்தால், "என்ன, உடம்புக்கு முடியலயா?" என்று கணவர் கேட்பார். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு என்று இருந்தது. அது போய்விட்டால் நான் வெறும் பாட்டு டீச்சர். இன்னொன்றும் இருந்தது. யாராவது ஒருவராவது கேட்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து வருடமாக ஒரு மைக்கைப் பார்த்து 'உங்களுக்காக' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த 'உங்கள்' யார் என்று எனக்குத் தெரியாது.

உறவுக்காரர்களிடம் சொல்லிக் கடிதம் எழுத வைப்பது எங்கள் தொழிலில் உள்ளதுதான். நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் புலம்பியதோடு சரி. ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு தபால் அட்டை வந்தது. 'இசை நன்றாக உள்ளது. தொடரவும். இப்படிக்கு, எரியோட்டிலிருந்து ஒரு நேயர்.' எழுத்து கோணல்மாணலாக இருந்தது. கணவர் இடது கையால் எழுதியிருந்தார்.

"எரியோட்டுக்காரர் ஏன் திண்டுக்கல் பெரிய போஸ்ட் ஆபீஸ்ல போட்டிருக்கார்?" என்று கேட்டேன்.

"சந்தைக்கு வந்திருப்பாரு" என்றார்.

அந்த அட்டையைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் கிழிக்கவும் இல்லை.

இரண்டாவது மாதத்தில், ஒரே நாளில், பதினான்கு இன்லண்ட் கடிதங்கள் வந்தன. பியூன் மேஜையில் வைத்துவிட்டு, விலாசம் என்னுடையதுதானா என்று மறுபடியும் பார்த்தார். எல்லாம் கன்னிவாடிப் பக்கம் ஒரே கிராமத்திலிருந்து. பதினான்கும் ஒரே கையெழுத்து, ஒரே நீல மை. ஊரில் அப்படி ஓர் ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டேன். விஷயமும் ஒன்றுதான்.

'மதிப்பிற்குரிய அறிவிப்பாளர் அம்மா அவர்களுக்கு. நிகழ்ச்சி நல்ல முறையில் உள்ளது. ஆரம்பத்தில் வீணை, தம்புரா வேண்டாம். பத்து மணிக்கு முதலாவதாக நாகஸ்வரம் போடவும். தவில் சத்தம் நன்றாகக் கேட்கும்படி பார்த்துக்கொள்ளவும்.' ஒரே ஒரு கடிதத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வரி இருந்தது. 'தாங்களும் சற்று உரக்கப் பேசவும்.'

எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினான்கு ரசிகர்கள். அதுவும் எப்பேர்ப்பட்ட ரசிகர்கள்! வீணையை வேண்டாம் என்று சொல்கிற துணிச்சல், நாகஸ்வரம்தான் முதலில் வர வேண்டும் என்கிற சம்பிரதாய ஞானம், தவிலுக்குத் தனியாகக் காது கொடுக்கிற நுட்பம். அன்று இரவே கொள்கைகளைக் கைவிட்டேன். பத்து அடித்ததும் நாகஸ்வரம். அது முடிந்ததும், கன்னிவாடி மலையடிவாரத்து மக்களின் இசை ரசனையைப் பற்றி மூன்று நிமிடம் பேசினேன். கோயிலும் திருவிழாவும் வளர்த்த செவிகள் அவை என்றேன். மலைக்காற்றையும் சேர்த்துக்கொண்டேன். டூட்டி ஆபீசர் இன்டர்காமில் கூப்பிட்டு, "என்னம்மா, கல்யாண வீடா?" என்றார். "நேயர் விருப்பம் சார்" என்றேன். அந்த வார்த்தையை முதன்முதலாகச் சொன்னதால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அடுத்த வாரம் மறுபடியும் கடிதங்கள். 'நன்றி. மிகவும் பயனுள்ளதாக உள்ளது.' சங்கீதத்தைப் பயனுள்ளது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இயக்குநர் கடிதக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஒரே கையெழுத்தா இருக்கே" என்றார். பிறகு, "சரி, நேர்ல போய் ஒரு நேயர் சந்திப்புப் பதிவு பண்ணிட்டு வாங்க. அதக் கேட்டுட்டு முடிவு பண்றேன்" என்றார். ஆக, நிகழ்ச்சி இருப்பதும் போவதும் அந்த ஒரு டேப்பில் வந்து நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரோடு மொபெட்டில் போனேன். பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டேன். ஊர்க் கடைசியில் ரேஷன் கடை. கடைக்காரர் எழுந்து நின்று வரவேற்றார். சட்டைப் பையில் நீல மைப் பேனா. இருபது பேர்போல வந்திருந்தார்கள். எங்களுக்குக் கலர் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். நான் குடிப்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மைக்கை எடுத்து, யோசித்து வைத்திருந்த முதல் கேள்வியைக் கேட்டேன்.

"நாகஸ்வரத்தில் உங்களுக்கு மிகவும் பிடித்த ராகம் எது?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ரேஷன் கடைக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"எல்லாமே நல்ல சத்தந்தாங்கம்மா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வாங்கம்மா, காட்டுறேன்" என்று எழுந்தார். எல்லாரும் வரிசையாக வரப்பில் நடந்து ஒரு மோட்டார் ரூமுக்குப் போனோம். ஓட்டுக் கூரை போட்ட சின்ன அறை. உள்ளே சுவிட்சுப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு ரேடியோ தொங்கியது. மோட்டாருக்குப் போகிற லைனிலிருந்தே அதற்கும் ஒரு ஒயர். சத்தம் கூட்டும் குமிழை முழுதாகத் திருப்பி, நகராதபடி மேலே துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். வாசலில் ஒரு கயிற்றுக் கட்டில்.

"மோட்டாருக்குக் கரண்டு எங்களுக்கு ஒரு வாரம் பகல்ல, ஒரு வாரம் ராத்திரிலம்மா" என்றார் ரேஷன் கடைக்காரர். "ராத்திரி மொறைன்னா பத்து மணிக்கு மேலதான் வரும். பகலெல்லாம் வேல பாத்துட்டு எவன் முழிச்சுக் கெடக்குறது? அதான் ரேடியாவ இதுலயே மாட்டிருவோம். கரண்டு வந்தா ரேடியா கத்தும். கத்துனா எந்திரிச்சு மோட்டாரப் போடுவோம். இந்த ஓரத்துல மலை மறைக்குது, வேற ஸ்டேசன் விழுகாது. ஒங்களுது மட்டுந்தான்."

என் தோளில் டேப் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்கிட்டு எல்லாம் பங்குக் கிணறும்மா" என்று தொடர்ந்தார். "ஒருத்தருக்கு ரெண்டு மணி நேரந்தான் தண்ணி. எந்திரிக்காம விட்டா அடுத்த ஆளு மொறை வந்துரும். நீங்க தம்புரா போட்டு, மெதுவாப் பேசி, வீணையப் போட்டீங்கன்னா, முழிச்சிருக்கவனுக்கே கண்ணு சொருகுது. நாகஸ்வரம்னா ஒருத்தன் தூங்க முடியாதுல்ல."

"சினிமாப் பாட்டு இன்னும் சத்தமா இருக்குமே" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"ஒரு தடவ ஒம்பது மணிக்கே கரண்டு வந்துச்சு, அப்ப சினிமாப் பாட்டுதான் ஓடுச்சு. ஒருத்தனும் எந்திரிக்கல. பழகுன சத்தம் பாருங்க."

கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு பெண் முன்னால் வந்தாள். என் வயதுதான் இருக்கும். மண் காயாத கால்கள். புருஷன் திருப்பூரில் வேலையில் இருப்பதாகவும், வெள்ளாமை முழுதும் அவள் கையில்தான் என்றும் ரேஷன் கடைக்காரர் சொன்னார்.

"யக்கா, நீங்கதான் அந்த மெதுவாப் பேசுற ஆளா?" என்றாள்.

"ஆமாம்."

"ஒங்க வீணைல எனக்கு ரெண்டு மொறை போச்சு. சின்ன வெங்காயம் நாலு பாத்தி காஞ்சு கருகிருச்சு. நாந்தேன் லெட்டரு போடச் சொன்னேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். ஐந்து வருடத்தில் தம்புராவுக்காக மன்னிப்புக் கேட்பேன் என்று நினைத்ததே இல்லை. என் கணவர் அந்தப் பக்கம் ஒயர் இணைப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல ஐடியா" என்றார். என் நிகழ்ச்சியில் அவர் காட்டிய முதல் அக்கறை அது.

டேப் முடிந்துவிட்டது. கருவியை மூடிப் பையில் போட்டேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. மலைக்காற்று, கோயில் வளர்த்த செவிகள் என்று மூன்று நிமிடம் பேசியது நினைவுக்கு வந்து காது சுட்டது. அந்த மூன்று நிமிடத்தில் இவர்கள் மடை திறந்துகொண்டிருந்திருப்பார்கள். அவர்களிடம் விடைபெற்றுக்கொண்டு வரப்பில் திரும்பி நடந்தேன். அந்தப் பெண்ணும் கூடவே வந்தாள். மொபெட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யக்கா, ஒண்ணு கேக்கணும். எந்திரிச்சு மோட்டாரப் போட்ட பெறகு தண்ணி பாயிற வரைக்கும் சும்மாதேன் நிக்கணும். நின்னுக்கிட்டே கேப்பேன். வேற என்ன செய்ய? போன வாரம் ஒராளு பாடுனாரு. மொதல்ல சும்மா இழுத்துக்கிட்டே இருந்தாரு. பெறகு ஒரே வரிய வேற வேற மாதிரி பாடுனாரு." பாடிக் காட்டினாள். வார்த்தைகள் இல்லை, மெட்டு மட்டும். ஒரு பிசகு இல்லை. "பெறகு அவரு நிப்பாட்டிட்டாரு. கொட்டு மட்டும் ரெண்டு பேரு மாத்தி மாத்தி அடிச்சாங்க. நல்லா சூடு பிடிக்குது, நீங்க படக்குன்னு நிப்பாட்டி நியூஸப் போட்டுட்டீங்க."

எனக்குத் தெரியும். அது காம்போதி. பதினொரு மணிக்கு டெல்லிச் செய்தியில் எங்கள் நிலையம் விநாடி பிசகாமல் சேர வேண்டும். எந்தப் பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் சத்தத்தைக் குறைத்து முறித்துவிடுவோம். எங்கள் தொழிலில் அது தவறே இல்லை. செய்தி தாமதமானால்தான் தவறு. அப்படி எத்தனையோ பாட்டுகளை முறித்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை.

"கொட்டு முடிஞ்சு என்னாகும்? அவரு திரும்ப வருவாரா?" என்றாள்.

"வருவார்."

"வந்து?"

அந்த இடத்தில் நான் பாடிக் காட்டியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அவள் இவ்வளவு சுத்தமாகப் பாடிக் காட்டிய பிறகு தைரியமும் இல்லை.

"இந்த மாசம் கடைசி வெள்ளிக்கிழமை முழுசாப் போடுறேன்" என்றேன்.

"முறிக்காமயா?"

"முறிக்காம."

"சத்தியமா?"

"சத்தியமா."

திரும்பி வரும்போது கணவரிடம் சொன்னேன், ஒரு ஆள் கேட்கிறது என்று. "அதப் பதிவு பண்ணியா?" என்றார். இல்லை என்றேன். அடுத்த மைல்கல் வரை ஓட்டினார். பிறகு வண்டியை நிறுத்தி, "திரும்பிப் போவமா?" என்றார். வேண்டாம் என்றேன். மைக்கை நீட்டினால் அவளும் 'நிகழ்ச்சி நல்ல முறையில் உள்ளது' என்றுதான் சொல்லியிருப்பாள்.

மறுநாள் எடிட்டிங் அறையில் உட்கார்ந்தேன். அப்போதெல்லாம் டேப்பை பிளேடால் வெட்டி, ஒட்டி, தொகுப்போம். மோட்டாரை வெட்டினேன். கரண்டை வெட்டினேன். வெங்காயத்தை வெட்டினேன். மிச்சம் இருந்ததைக் கேட்டபோது, 'ஒங்களுது மட்டுந்தான்', 'நாகஸ்வரம்னா ஒருத்தன் தூங்க முடியாதுல்ல' என்று அருமையான ரசிகர்கள் நான்கு நிமிடம் பேசினார்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் நிகழ்ச்சி நிச்சயம் பிழைத்திருக்கும். குப்பைக் கூடையில் 'ஒங்க வீணைல எனக்கு ரெண்டு மொறை போச்சு' சுருண்டு கிடந்தது. ஐந்து வருடத்தில் என் நிகழ்ச்சியைப் பற்றி முகத்துக்கு நேரே சொல்லப்பட்ட ஒரே விமர்சனம். அதை எறிய மனம் வரவில்லை. எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி மறுபடி ஒட்டினேன். வெட்டியதைவிட ஒட்டுவதற்கு இரண்டு மடங்கு நேரம் ஆனது.

இயக்குநர் முழுதும் கேட்டார். சிரிக்கவில்லை. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. பிறகு மேஜையைத் தட்டினார்.

"அருமை! விவசாயிகளுக்கு எவ்வளவு உபயோகமான விஷயம்! அடுத்த மாசத்துலேர்ந்து பத்து மணிக்கு மூணு நிமிஷம் நாகஸ்வரம், நல்ல சத்தமா. அப்புறம் பதினொண்ணு வரைக்கும் சினிமாப் பாட்டு. அவங்களுக்கு வேண்டியது கிடைச்சிடும், மத்தவங்களுக்கும் வேண்டியது கிடைச்சிடும்."

"சார், ஒரு அம்மா நிஜமாவே கேக்குறாங்க."

"லெட்டர் இருக்கா?"

"இல்ல சார்."

"டேப்புல?"

"இல்ல."

கெட்ட மனிதர் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். நானும் குடித்தேன். வெளியே வந்து கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆக, அந்தக் கடைசி வெள்ளிக்கிழமைதான் என் நிகழ்ச்சிக்கும் கடைசி. லைப்ரரியில் காம்போதி டேப்பை எடுத்து நேரம் பார்த்தேன். ஆலாபனை, கீர்த்தனை, தனி ஆவர்த்தனம் எல்லாம் சேர்த்து ஐம்பத்தெட்டு நிமிடம். எனக்கு இருப்பது அறுபது. ஆனால் முதலில் நாகஸ்வரம் ஐந்து நிமிடமாவது போட வேண்டும். அதை விட்டால் அவள் எழுந்திருக்க மாட்டாள். போட்டால் காம்போதி முடியாது. நடுவிலிருந்து தொடங்கலாம்தான். ஆனால் முழுசாக என்று சத்தியம் செய்திருந்தேன். ஒரு பேப்பரில் கூட்டிக் கழித்து, வேறு வழி இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு மனம் லேசாகிவிட்டது.

அன்று பேச்சே இல்லை. நாகஸ்வரம் முடிந்ததும் ராகத்தின் பெயரை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டுக் காம்போதியைத் தொடங்கினேன். பதினொரு மணி ஆனபோது தனி ஆவர்த்தனம் உச்சத்தில் இருந்தது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். இன்டர்காம் அடித்தது. எடுக்கவில்லை. டூட்டி ஆபீசர் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று தட்டினார். கடிகாரத்தைக் காட்டினார். தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே அவர் சத்தம் வராது. மிருதங்கமும் கடமும்தான் கேட்டன. பாடகர் திரும்ப வந்தார், அந்த வரியை எடுத்தார், முடித்தார். கைதட்டல் ஓயும்வரை விட்டேன். பதினொன்று மூன்றுக்குப் பிறகு டெல்லியோடு சேர்ந்தோம். தலைப்புச் செய்திகள் முடிந்திருந்தன.

வராந்தாவில் கணவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். "என்ன, இன்னைக்கு லேட்டு?" என்றார்.

திங்கட்கிழமை மெமோ வந்தது. தேசியச் செய்தி தாமதமானதற்கு எழுத்துமூலம் காரணம் கேட்டிருந்தார்கள். 'நேயர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதப் பட்டியலில் என் பெயர் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. பத்து மணிக்கு நாகஸ்வரம் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. நான் படுக்கையிலிருந்து கேட்டேன். கணவர் எழுந்திருக்கவில்லை.

ஐந்தாறு மாதம் கழித்து, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். மண்டியில் வெங்காயம் போட்டுவிட்டுக் காலிச் சாக்குகளோடு கன்னிவாடி பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். கேட்க வேண்டும் என்று இருந்தது, கேட்கப் பயமாகவும் இருந்தது. அவளே ஆரம்பித்தாள்.

"யக்கா, அன்னைக்குக் கேட்டேன்."

"கரண்டு பத்து மணிக்குச் சரியா வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? அந்த வாரம் எங்களுக்குப் பகல் மொறை. ராத்திரி கரண்டே கெடையாது."

"அப்புறம் எப்படி?"

"செல்லு வாங்கிப் போட்டேன்" என்றாள்.

மோட்டார் ரூம் ரேடியோக்களில் யாரும் பேட்டரி செல் போட மாட்டார்கள். போட்டால் கரண்ட் இல்லாமலே பாடும், அப்புறம் அது எழுப்பி என்ன பயன்? அவள் ரேடியோவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பகல் முழுதும் தண்ணீர் கட்டிய உடம்போடு, திருப்ப ஒரு மடையும் இல்லாத ராத்திரியில், பதினொரு மணிக்கு மேலும் விழித்திருந்திருக்கிறாள். நான் அவள் எழுந்திருக்க வேண்டும் என்று நாகஸ்வரம் போட்டேன். அவள் தூங்கவே இல்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றேன். 

முகத்தைச் சுளித்தாள். "அந்தாளு திரும்ப வந்தாரு. வந்து, மொதல்ல பாடுன அதே வரியப் பாடிட்டு முடிச்சுட்டாரு. அம்புட்டுக் கொட்டு கொட்டி, இதுக்கா? நீங்க முறிச்சப்ப, இன்னும் என்னமோ வரப்போகுதுன்னாச்சும் இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கச்சேரி முடிவு சரியில்லை என்று ஒரு ரசிகை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். அதற்காகத்தான் அத்தனை வருடம் அந்த மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன் என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் வந்தது. சாக்குகளை முதலில் ஏற்றிவிட்டு, ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"இப்பல்லாம் நாகஸ்வரம் முடிஞ்சதும் சினிமாப் பாட்டாப் போடுறாய்ங்க. நீங்க லீவா?" என்றாள்.

"ஆமா, லீவு."

"லீவு முடிஞ்சு வந்தா சொல்லி அனுப்புங்க. நல்லா முடியிற பாட்டா ஒண்ணு போடுங்க. செல்லு இன்னும் தீரல."

சொல்லி அனுப்புகிறேன் என்றேன்.